ஊடலல்ல, வழக்கு

1

எங்க பாட்டிக்கும் அந்தோணியாருக்கும் பேச்சு நின்றுபோகிற நாட்கள் உண்டு. வீட்டு மாடத்தில் ஒரு சாண் உயரத்தில் சுரூபம் இருக்கும். வேண்டிக்கொண்டது நடக்கவில்லை என்றால் பாட்டி அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடும். "கெட இப்பிடியே. எம் மூஞ்சியில முழிக்காத." மூணு நாளோ நாலு நாளோ போகும். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, மறுபடியும் வாசலைப் பார்க்க வைக்கும். அன்றைக்கு ராத்திரி ஜெபம் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கடவுளோடு ஒருவருக்கு இருக்கும் உறவு ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறும், இறங்கும், அறுந்துபோகும், ஒட்டிக்கொள்ளும். தமிழ்ப் பக்தி இலக்கியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஊடல். அகத்திணையிலிருந்து எடுத்த சொல். காதலி காதலனிடம் கோபிப்பதுபோலப் பக்தன் கடவுளைத் திட்டுகிறான், முகம் திருப்புகிறான், பிறகு கூடுகிறான், அன்பு முதிர்ந்ததால் வந்த உரிமை அது என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அழகான சொல் யார் வீட்டுச் சொல் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

1992இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. ஒரு தலித் பெண்ணுக்கும் கடவுளுக்கும் நடந்த நீண்ட சண்டைதான் அந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு. ஆனாலும் அதைப் பக்தி மரபின் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் குறைவு. கூட்டங்களில் நான் கேட்ட பேச்சு இரண்டு வகை. ஒன்று, இது சமூக ஆவணம், இன்னும் இலக்கியமாகவில்லை என்பது. இன்னொன்று கோயில் பக்கத்திலிருந்து வருவது: பாவம், அந்தப் பிள்ளை விசுவாசத்தை இழந்துவிட்டது. சுந்தரர் திட்டினால் ஊடல். பாமா கேட்டால் ஆவணம், இல்லாவிட்டால் விசுவாசக் குறைவு. இந்தப் பாகுபாட்டின் அடியில் என்ன இருக்கிறது?

நான் சொல்ல வருவது இதுதான். ஊடுவதற்கு முதலில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் கடவுளோடு போடுகிற சண்டையை ஊடல் என்று சொல்ல முடியாது. அது வழக்கு. எங்க பக்கத்துப் பேச்சில் வழக்கு என்றால் கோர்ட்டில் நடப்பது மட்டும் இல்லை. நாலு பேர் நடுவில் நின்று நியாயம் கேட்பதும் வழக்குதான்.

2

சுந்தரரை எடுத்துக்கொள்வோம். திருநாவலூர் ஆதிசைவர். பெரியபுராணம் சொல்கிறபடி அவருடைய கதையும் ஒரு வழக்கில்தான் தொடங்குகிறது. கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழ அந்தணர் ஓலையோடு வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்திருக்கிறான் என்கிறார். திருவெண்ணெய்நல்லூரில் அந்தணர் சபை கூடுகிறது. ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. வாதி கடவுள். பிரதிவாதி பக்தன். நீதிபதிகள் பிரதிவாதியின் வருணத்தார். தோற்றவருக்குக் கிடைத்தது என்ன? வன்தொண்டர் என்ற பட்டமும் தம்பிரான் தோழர் என்ற இடமும். தோற்றதாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டார்.

அதன்பிறகு நடப்பதெல்லாம் வீட்டுச் சண்டை. பொன் கேட்கிறார், நெல் கேட்கிறார், கிடைத்த நெல்லைத் தூக்கிவர ஆளும் கேட்கிறார். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதற்காகக் கண் போகிறது. வழியெல்லாம் கடவுளைக் குறைசொல்லிக்கொண்டே நடக்கிறார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் இன்னொரு கண்ணும் திரும்புகின்றன. பரவையார் கோபித்துக் கதவைச் சாத்தியபோது, சமாதானம் பேசக் கடவுளையே தூது அனுப்புகிறார். முதல் முறை காரியம் முடியவில்லை. கடவுள் இரண்டாம் முறையும் போகிறார். நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் கடவுள் ஒரு மனிதனுக்காக இரண்டு தடவை நடக்கிறார்.

இந்தப் பாட்டுகளின் அருமையை நான் மறுக்கவில்லை. சுந்தரர் தேவாரத்தில் கடவுளைப் பார்த்துப் பேசும் குரலில் உள்ள துடுக்கு தமிழில் லேசில் கிடைக்காது. ஆனால் அந்தத் துடுக்கு எங்கிருந்து வந்தது? அன்பிலிருந்து என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அன்போடு இன்னொன்றும் இருந்தது: எந்த ஊர்க் கோயிலிலும் தடுக்கப்படாத கால்கள். கோபத்தில் இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொல்வதற்கு, நினைத்தால் மிதிக்கலாம் என்ற நிலை வேண்டும். மிதிக்கவே விடப்படாதவர் அதைச் சொன்னால் என்ன பொருள்?

3

மிதிக்க விடப்படாத ஒருவரும் சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் இருக்கிறார். திருநாளைப்போவார். ஆதனூர்ப் புலைப்பாடியின் நந்தன்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நாளைக்குப் போவேன் என்று தினமும் சொன்னவர். ஒருநாள் தில்லைமேல் ஆசை பொங்கும், மறுநாள் தன் பிறப்பை நினைத்துக் கால் பின்வாங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பக்தியின் தவிப்பு என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். கோர்ட்டுக்கு அலைந்த எந்த ஏழைக்கும் இதன் சரியான பெயர் தெரியும். வாய்தா. நந்தனுக்கு வாழ்நாள் முழுக்க வாய்தா கொடுக்கப்பட்டது, அதையே அவருக்குப் பெயராகவும் வைத்துவிட்டார்கள்.

நந்தன் கதை ஒரே நாளில் எழுதப்பட்டதில்லை. சுந்தரர் ஒரு வரியில் பெயர் மட்டும் சொல்கிறார். அங்கே சாதியும் இல்லை, நெருப்பும் இல்லை. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் புலை வந்துவிடுகிறது, அது நீங்கியதாகவும் தில்லை மூவாயிரவர் கைகூப்பியதாகவும் வருகிறது. நெருப்பு இன்னும் வரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் தீயை மூட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் ஒரு பார்ப்பனப் பண்ணையாரைக் கொண்டுவந்து, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று உத்தரவு போடவைக்கிறார். ஒவ்வொரு காலமும் நந்தனுக்கும் கடவுளுக்கும் நடுவில் தன் பங்குக்கு ஒரு தடையைக் கட்டியிருக்கிறது.

சேக்கிழாரின் பிரதியில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு இடங்கள். முதலாவது திருப்புன்கூர். நந்தன் வெளியே நின்று பார்க்கிறார், குறுக்கே நந்தி மறைக்கிறது. கடவுள் நந்தியை விலகவைக்கிறார். ஊரே கொண்டாடும் அற்புதம் இது. ஆனால் கடவுள் இங்கே என்ன செய்தார்? பார்வைக்கு இருந்த மறைப்பை எடுத்தார், காலுக்கு இருந்த தடையை எடுக்கவில்லை. கல் மாட்டை நகர்த்தத் தெரிந்தவருக்கு வாசற்படியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இந்தக் கோயில்களின் பேரிகைக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தது நந்தன்தான் என்று சேக்கிழாரே சொல்கிறார். கொடுத்த பொருள் உள்ளே போனது, கொடுத்த கை வெளியே நின்றது.

இரண்டாவது இடம் தில்லை. எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்த நந்தன், உள்ளே போகமுடியாததற்குத் தன் இழிந்த பிறவியே தடை என்று வருந்துகிறார். தடை என்று அவர் சொல்லியிருக்க வேண்டியது மதிலை. சேக்கிழார் அவரைப் பிறவி என்று சொல்லவைக்கிறார். வழக்கு தொடங்குமுன்பே குற்றத்தை ஒப்புக்கொள்ளவைத்தாயிற்று. அப்புறம் கடவுள் கனவில் வந்து தீயில் மூழ்கி வா என்கிறார், தில்லைவாழ் அந்தணர் கனவிலும் போய் தீ மூட்டச் சொல்கிறார். நெருப்பிலிருந்து பூணூலோடு ஒரு முனிவர் எழுந்து வருகிறார். உள்ளே போகிறார். அதற்குமேல் அவரை யாரும் பார்க்கவில்லை.

திருவாரூரில் ஒரு புருசன் பெண்டாட்டி சண்டைக்காக இரண்டு தடவை தெருவில் நடந்த கடவுள், தில்லையில் தன் மதிலைத் தாண்டிப் பத்தடி நடந்திருந்தால் தீ வேண்டியிருக்காது. இந்தக் கேள்வியை நந்தன் கேட்டதாக எந்தப் பிரதியிலும் இல்லை. 1935இலும் 1942இலும் வந்த நந்தனார் படங்கள் பாட்டால் ஜனங்களை உருகவைத்தன. உருகியவர்களுக்கும் இந்தக் கேள்வி எழவில்லை.

4

நந்தன் பாடியதாக ஒரு வரிகூட நம் கையில் இல்லை. அவருக்காகப் பேசியவர்கள் எல்லாரும் மற்றவர்கள். அவர் நிலையில் நின்ற ஒருவர் தானே வாய் திறந்திருந்தால் என்ன பேசியிருப்பார் என்று கேட்க நாம் மராட்டியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் மங்கள்வேடாவில் வாழ்ந்த சோகாமேளா மகர் சாதியில் பிறந்தவர். பண்டரிபுரத்து விட்டலனின் அடியார். அவருடைய அபங்கங்கள் மட்டுமல்ல, மனைவி சோயராபாய், மகன் கர்மமேளா, தங்கை நிர்மளா, மைத்துனர் பங்கா பாடியவையும் இன்றுவரை கிடைக்கின்றன. ஒரு குடும்பமே தன் கடவுளோடு பேசியிருக்கிறது. அந்தப் பேச்சு ஒரே குரலில் இல்லை.

சோகா ஒரு பாட்டில் விட்டலனைத் தாயே என்று கட்டிக்கொள்கிறார். இன்னொன்றில் மகர் வேலைக்காரன் எஜமானைக் கும்பிடும் அதே கும்பிடோடு, எச்சில் சோற்றுக்கு வந்து நிற்கிறவனாகப் பேசுகிறார். ஒரு நாள் போன பிறவியின் வினை என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். இன்னொரு நாள், வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏன் மயங்குகிறீர்கள் என்று கேட்கிறார். சோயராபாய் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தீட்டு உடம்பில் இருக்கிறதென்றால், தீட்டில்லாமல் பிறந்த உடம்பு எது என்பது அவர் கேள்வி. பெண் கேட்ட கேள்வி. மகன் கர்மமேளா அப்பாவின் பணிவையும் விட்டுவிடுகிறார். எங்களை இப்படிப் படைத்த நீ எதற்கு எங்களைப் படைத்தாய் என்று நேரே கடவுளைப் பிடிக்கிறார். அப்பாவின் விண்ணப்பம் மகனிடம் குற்றச்சாட்டாக மாறுகிறது. ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

சோகாவின் சாவைப் பற்றிய கதை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மங்கள்வேடாவில் சுவர் கட்டும் வேலையில் இருந்தபோது சுவர் இடிந்து மற்ற கூலிகளோடு சேர்ந்து செத்துப்போனார். நாமதேவர் வந்து, விட்டலன் பெயரை முணுமுணுத்த எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டுபோய்ப் பண்டரிபுரத்தில் அடக்கம் செய்தார் என்பது மரபு. எங்கே? கோயில் மகாவாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே. செத்த பிறகும் சமாதி வெளியேதான். அந்தக் கோயில் தலித்துகளுக்குத் திறந்தது 1947இல், சானே குருஜியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு. அறுநூறு வருச வாய்தா.

அம்பேத்கர் தம்முடைய தீண்டப்படாதோர் பற்றிய நூலை 1948இல் நந்தன், ரவிதாஸ், சோகாமேளா மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். அதே அம்பேத்கர் காந்திக்கு எழுதிய பதிலில் பக்தி மரபின் அடிமடியில் கைவைத்திருக்கிறார். மனிதர் எல்லாரும் சமம் என்று அந்தச் சாதுக்கள் சொல்லவில்லை, கடவுளின் கண்ணில் சமம் என்றுதான் சொன்னார்கள், இரண்டும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். இது பக்தி பற்றிய விமர்சனம் மட்டுமல்ல, இலக்கிய விமர்சனமும்கூட. 'கடவுளின் கண்ணில்' என்ற அந்த இரண்டு சொல்லுக்குள்தான் ஊடல் நடக்கிறது. அதற்கு வெளியே, மனிதர்கள் நடுவில், வாசலில் நடப்பதுதான் வழக்கு.

5

இப்போது 'கருக்கு'க்கு வருவோம்.

பாமாவின் ஊர் விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புப் பக்கம். கத்தோலிக்கப் பறையர் தெரு. அந்தச் சிறுமிக்குக் கடவுள் முதலில் அறிமுகமாவது பயமாக. பூசைக்குப் போகாவிட்டால் அடி, ஜெபம் மறந்தால் அடி, பாவம், பேய், நரகம். பிறகு பயத்துக்குள்ளேயே ஒரு பிரியமும் வளர்கிறது. திருவிழாவும் புது நன்மையும் வேண்டுதலும் சேர்ந்த பிரியம். விடுதியிலும் கல்லூரியிலும் கன்னியரின் சொல்லுக்கும் செயலுக்கும் இருக்கும் தூரத்தைப் பார்க்கப் பார்க்க அது ஆறிப்போகிறது. ஆசிரியையாக வேலை பார்க்கும்போது, ஏழைகளுக்காக ஒரு துறவற சபையை நிறுவிய பெண்மணியின் கதை அவரை மறுபடியும் சூடாக்குகிறது. கைநிறையச் சம்பளம் வாங்கிய வேலையை விட்டுவிட்டு மடத்தில் சேருகிறார். ஏழு வருசம். 1992இல் வெளியே வருகிறார். வெளியே வந்த கையோடு இந்தப் புத்தகம்.

பயம், பிரியம், ஆறிப்போதல், மறுபடியும் சூடு, கசப்பு, வெளியேற்றம். ஆன்மிகத் தன்வரலாறு என்ற வகையில் இந்த ஏற்ற இறக்கம் பழகியதுதான். பாமா செய்கிற வேலை வேறு. ஒவ்வொரு ஏற்றத்தையும் இறக்கத்தையும் அவர் தன் ஆன்மாவுக்குள் தேடுவதில்லை. அந்த நேரத்தில் நடுவில் யார் நின்றார்கள் என்று பார்க்கிறார். சாமியார் பிரம்போடு நின்றபோது கடவுள் பயமாக இருந்தார். பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டே வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் நின்றபோது கடவுள் காணாமல் போனார். நம் சாதிப் பெண்களை எடுக்காத சபைகளும் இருக்கின்றன என்று மடத்துக்குள்ளேயே காதில் விழுந்தபோது உள்ளே ஏதோ உடைந்தது. உறவின் காய்ச்சலை அளக்க அவர் வைத்திருக்கும் கருவி வாசற்காரன்தான்.

அந்தப் புத்தகத்தின் தொடக்கப் பகுதிகளில் ஒரு காட்சி. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கொண்டுபோய் நாயக்கரிடம் கொடுக்கிறார். சின்னப் பெண்ணுக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணம் சொன்னபிறகு சிரிப்பு செத்துப்போகிறது. இந்தக் காட்சியைத் தீண்டாமைக்குச் சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். நான் இதை அந்தப் புத்தகத்தின் இறையியலாகவும் படிக்கிறேன். நமக்குக் கடவுளையும் இப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். சுமப்பது நாம். தொடாமல் சுமக்க வேண்டும். தின்பது வேறு ஆட்கள்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்பவர்கள் வடக்கன்குளத்துக்குப் போய்வரலாம். சாதிக்காரர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமும் நிற்பதற்காக அங்கே கோயிலையே இரண்டாகப் பிரித்துக் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். 1910இல் சுவரை இடித்தபோது வேளாளர்கள் சுவர் வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். கடவுளைப் பார்க்கவேண்டும் என்று நாம் போடுவதும் வழக்கு, பார்க்கவிடக்கூடாது என்று அவர்கள் போடுவதும் வழக்கு. அவர்களுடையதைத்தான் கோர்ட்டு எண் கொடுத்து விசாரித்தது.

'கருக்கு'வின் மையம் என்று நான் நினைப்பது ஒரு கண்டுபிடிப்பு. கடவுள் அன்பானவர், சாந்தமானவர், மன்னிக்கிறவர், பொறுமையுள்ளவர், கீழ்ப்படிந்தவர் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அவர் நீதியுள்ளவர், அநியாயத்தைக் கண்டால் கோபப்படுகிறவர், ஏற்றத்தாழ்வைப் பொறுக்காதவர் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பாமாவின் வாதத்தின் சாரம் இது. மடம் தனக்குத் தேவையான கடவுளை வைத்துக்கொண்டு மீதியை மறைத்துவிட்டது. தகப்பனைக் காட்டினார்கள், மணவாளனைக் காட்டினார்கள், நீதிபதியைக் காட்டவில்லை. தகப்பனிடம் அழலாம், மணவாளனிடம் ஊடலாம். வழக்குப் போட நீதிபதிதான் வேண்டும். அவரை ஒளித்து வைத்துவிட்டால் நம் கோபமெல்லாம் அடங்காத பிள்ளையின் கோபமாக, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றமாக ஆகிப்போகும்.

ஆகவே பாமா விசுவாசத்தை இழந்தார் என்பது தப்பான வாசிப்பு. மடத்தைவிட்டு வருகிற அந்தப் பெண்ணின் கையில் வழக்குக் கட்டு இருக்கிறது. அவர் விட்டுவிட்டு வந்தது குமாஸ்தாவை.

வடிவத்துக்கும் இதோடு சம்பந்தம் உண்டு. 'கருக்கு' நேர்க்கோட்டில் போகாது. ஒரே நிகழ்ச்சிக்கு மறுபடியும் மறுபடியும் வரும். ஊர் சொல்லும், மடம் சொல்லும், திரும்ப ஊருக்கு வரும். இதைக் கட்டுக்கோப்பு இல்லாமை என்றார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியவரின் பேச்சு இப்படித்தான் இருக்கும். கேள்வி திரும்பத் திரும்ப வரும், பதிலும் வரும். சாட்சி என்ற சொல் கோயிலிலும் உண்டு, கோர்ட்டிலும் உண்டு. கோயிலில் சாட்சி சொல்கிறவர் கடவுள் எனக்கு நல்லது செய்தார் என்று சொல்லி முடிக்க வேண்டும். பாமா கோயில் சாட்சியின் குரலை எடுத்துக் கோர்ட்டுச் சாட்சியாகச் சொல்கிறார். பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும் என்பதை அவர் தலைப்பிலேயே வைத்திருக்கிறார். அதுவும் தெருப் பேச்சில். ஜெபப் புத்தகத்தின் தமிழில் இந்த வழக்கைப் பதிந்திருக்க முடியாது. அந்தத் தமிழுக்குக் கெஞ்ச மட்டுமே தெரியும்.

6

பாராட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 'கருக்கு'வில் எனக்கு ஒரு குறை உண்டு. பாமா கடவுளைச் சீக்கிரம் விடுவித்துவிடுகிறார். குற்றமெல்லாம் நடுவில் நின்ற சாமியார்களுக்கும் கன்னியருக்கும், கடவுள் நல்லவர் என்று ஆகிவிடுகிறது. நீதிபதி இவ்வளவு காலம் எங்கே போயிருந்தார் என்று புத்தகம் கேட்பதில்லை. தன் பெயரால் நடத்தப்படும் கோயிலில் நடப்பது அவருக்குத் தெரியாதா? நந்தியை விலக்கினவரிடம் நாம் கேட்டதை யேசுவிடமும் கேட்கத்தானே வேண்டும்? ஆறு நூற்றாண்டுக்கு முன்பே கர்மமேளா கடவுளையே கூண்டில் ஏற்றினார். அந்த இடம்வரை 'கருக்கு' போகவில்லை. ஏழு வருசம் மடத்துக்குள் இருந்தவருக்கு, எல்லாம் போன பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றாவது வேண்டியிருந்திருக்கும். இறகு பிய்ந்த நிலையில் எழுதிய புத்தகம் அது. புரிந்துகொள்கிறேன். ஆனால் அடுத்து எழுத வருகிறவர்கள் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டியதில்லை.

தோழர்கள் இன்னொன்றைக் கேட்பார்கள். கடவுளே இல்லை என்றால் வழக்கு எதற்கு? தள்ளுபடி செய்துவிட்டுப் போகலாமே? பெரியார் வழி வந்தவர்களின் நியாயமான கேள்வி. அம்பேத்கரும் 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் போராடத் தொடங்கி, 1935இல் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று இயோலாவில் அறிவித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பவுத்தம் தழுவினார். அங்கே எடுத்த 22 உறுதிமொழிகளில் பழைய கடவுள்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கைவிட்டார். வழக்கு நடத்திப் பார்த்து, அந்தக் கோர்ட்டில் நியாயம் கிடைக்காது என்று தெரிந்து வெளியேறிய முடிவு அது. விசாரிக்காமல் எடுத்த முடிவு இல்லை.

கடவுளோடு உள்ள உறவு அவரவர் சொந்த விசயம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அரசு அப்படி நினைக்கவில்லை. 1950 ஆணையின்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்துகளைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். என் தெருவில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் சான்றிதழில் இந்து, இன்னொருவன் கிறிஸ்தவன். கலவரம் என்று வந்தால் இரண்டு பேர் வீடும்தான் எரியும். எந்தக் கடவுளிடம் பேசுகிறாய் என்பதற்கு விலை வைத்தபிறகு அது எப்படிச் சொந்த விசயம் ஆகும்?

7

பாட்டி செத்தபோது பங்குக் கோயிலில் சவம் தூக்கும் தூம்பாவைக் கேட்கப் போனோம். சாவி இல்லை என்றார்கள். முந்தின வாரம் மேலத் தெருச் சாவுக்குச் சாவி இருந்தது. மூங்கில் வெட்டிப் பாடை கட்டித் தூக்கிப்போனோம். கல்லறைத் தோட்டத்தில் நம் பக்கம், குறுக்குச் சுவருக்கு இந்தப் புறம், மழைத்தண்ணி நிற்கிற இடத்தில் குழி. சாமியார் வந்து அவசரமாக மந்திரித்துவிட்டுப் போனார். தொண்ணூறு வருசம் கடவுளோடு பேசியும் ஏசியும் வாழ்ந்த கிழவிக்குக் கடைசியில் ஒரு சாவி கிடைக்கவில்லை.

திரும்பி வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றப் போனபோதுதான் பார்த்தோம். மாடத்தில் அந்தோணியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சண்டை எதற்காக என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தை திருப்பி வைக்கப் போனது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டது. "இருக்கட்டும் மதினி. ஆத்தா திருப்புனத நாம ஏன் தொடணும்?"

அந்தச் சண்டையை ஊடல் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அது மூட நம்பிக்கை என்று எழுதித் தள்ளவும் மனசு வரவில்லை. எழுத்துத் தெரியாத ஒரு பெண் தனக்குத் தெரிந்த ஒரே கோர்ட்டில் தன் வாழ்நாள் முழுக்க நடத்திய வழக்கு அது. இப்படி எத்தனையோ வீட்டு மாடங்களில், கோயில் வாசல்களுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நம் பெண்கள் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு மாரியைக் கேட்கிறார்கள், மாதாவைக் கேட்கிறார்கள். எழுதுகிற தம்பி தங்கைகள் அதைப் போய்க் கேளுங்கள். என்ன வேண்டினார்கள் என்பதோடு, நடுவில் யார் நின்றார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். சேக்கிழார் நந்தனிடம் கேட்காமல் விட்டது அதைத்தான்.